“எவ்வளவும் பாவிக்கலாம்” என்று விற்ற இணைய இணைப்பு: பில்லைக் கட்டாமல் விட்டால் தப்பலாமா?

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் நான்கு அறைகளுடன் சிறிய விருந்தினர் விடுதி நடத்தும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கடந்த பெப்ரவரியில் ஒரு முற்பகலில் இணைய நிறுவனம் ஒன்றின் விற்பனை முகவர் வீடு தேடி வந்திருக்கிறார். 4ஜி சிம்மில் இயங்கும் ரவுட்டரைக் கூடத்தில் வைத்து, தன் கைத்தொலைபேசியில் வேகத்தை அளந்து காட்டியிருக்கிறார். விநாடிக்கு 60 மெகாபிட் காட்டியது. 100 வரை போகும், இது அன்லிமிட்டெட், எவ்வளவும் பாவிக்கலாம், விருந்தினர்களுக்கும் கொடுக்கலாம் என்று சொல்லி, ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். ரவுட்டர் இலவசம். ஒப்பந்தம் 24 மாதங்கள்.

மே மாதம் கடற்கரைப் பருவம் தொடங்கியதும் சிக்கலும் தொடங்கியது. மாலையில் வீடியோ அழைப்புகள் அறுகின்றன. மாதக் கடைசியில் மின்னஞ்சல்கூட இழுக்கிறது. அறை பதிவு செய்யும் தளத்தில் இரண்டு வெளிநாட்டு விருந்தினர்கள் வைஃபையைக் குறைசொல்லிக் கருத்து எழுதிவிட்டார்கள். நிறுவனத்தின் அழைப்பு நிலையம் ஒவ்வொரு முறையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறது. இணைப்பு வேண்டாம் என்றபோது, மீதமுள்ள மாதங்களின் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்றார்களாம். கோபத்தில் சகோதரி அந்த முகவரின் படத்தோடு முகநூலில் பதிவும் போட்டுவிட்டார்.

அவருடைய கேள்விகள் இவை. அடுத்த மாதம் முதல் பில்லைக் கட்டாமல் விட்டால் ஒப்பந்தம் தானாக முறிந்துவிடுமா? ஜேர்மனியில் இருக்கும் அண்ணன், 14 நாட்களுக்குள் எதையும் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறாரே, அந்த உரிமையைத் தவறவிட்டோமா? விருந்தினர்கள் எழுதிய கருத்துகளால் போன வருமானத்துக்கு வழக்குப் போடலாமா? “கையெழுத்து வைத்த பிறகு பேசிப் பயனில்லை” என்று கணவர் சொல்வது சரியா?

அன்புள்ள சகோதரி,

கணவர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நிறுவனங்களும் அதையேதான் நம்பியிருக்கின்றன. அவர் சொல்வது பாதி சரி. உங்கள் வழக்கின் பலம் வேகம் குறைந்தது என்பதில் இல்லை. விற்றபோது எதைச் சொன்னார்கள், எதை மறைத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. நீங்கள் எழுதிய ஆறு பக்கங்களில் ஐந்தரை பக்கம் வேகத்தைப் பற்றியது. முகவர் சொன்னவை மிச்ச அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டன. முறைப்பாடு எழுதும்போது இந்த விகிதத்தைத் தலைகீழாக்குங்கள்.

வேகம் ஏன் குறைகிறது?

நிறுவனம் வேண்டுமென்றே உங்களை ஏமாற்றுவதற்காக மாலையில் வேகத்தைக் குறைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியே உண்மையாக இருக்க வேண்டியதில்லை. மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் வெவ்வேறு எடை.

முதலாவது, கோபுர நெரிசல். 4ஜி இணைப்பு உங்கள் வீட்டுக்கென்று தனியாக இழுத்த கம்பி அல்ல. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசைத் துண்டில், சாதாரண அமைப்பில், கோபுரத்தின் ஒரு பக்கம் உச்சமாகத் தரக்கூடியது விநாடிக்கு 150 மெகாபிட். அந்தப் பக்கத்தில் இருக்கும் அத்தனை வீடுகளும், விடுதிகளும், கைத்தொலைபேசிகளும் அதைத்தான் பங்கிடுகின்றன. பெப்ரவரி முற்பகலில் உப்புவெளிக் கரை வெறிச்சோடிக் கிடக்கும். யூலை இரவு ஒன்பது மணிக்கு, உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை அறைகள் நிரம்பி, எல்லோரும் படுக்கையில் சாய்ந்தபடி படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முகவர் காட்டிய 60 பொய்யில்லை. ஆனால் அது ஆளில்லாக் காலத்து அளவு. கிழக்கில் பருவகாலத்தில் கூட்டம் எப்படியிருக்கும் என்பது அங்கே விற்க வருகிறவருக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை.

இரண்டாவது, நியாயமான பாவனை வரம்பு என்று அழகாகப் பெயரிட்ட கட்டுப்பாடு. குறிப்பிட்ட அளவு டேட்டா முடிந்ததும் வேகத்தை ஒன்று, இரண்டு மெகாபிட்டுக்கு இறக்கிவிடுவார்கள். இணைப்பு அறாது. அதனால் அன்லிமிட்டெட் என்ற சொல்லைத் தொடர்ந்து விளம்பரத்தில் வைத்திருக்க முடிகிறது. மாதக் கடைசியில்தான் மோசம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதன்மேல்தான் எனக்குச் சந்தேகம். இந்த வரம்பை விற்கும்போது உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்றால், உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான ஆயுதம் இதுதான்.

மூன்றாவது, உங்கள் வீட்டுச் சுவர். கூடத்து ரவுட்டரிலிருந்து பின்புற அறைகளுக்கு இரண்டு கல்சுவர் தாண்டிப் போகும் வைஃபை தளர்ந்துதான் போகும். அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல. முறைப்பாடு விசாரணைக்கு வந்தால் அவர்கள் முதலில் கை நீட்டுவதும் அந்தச் சுவரைத்தான்.

ஆகவே இரண்டு வாரம் பொறுமையாக அளந்து குறித்து வையுங்கள். மடிக்கணினியை ரவுட்டருடன் கேபிளால் நேரடியாக இணைத்து, காலை, பிற்பகல், இரவு ஒன்பது மணி என மூன்று வேளையும் அளவிட்டு, திகதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படம் பிடித்துச் சேமியுங்கள். அந்த இரண்டு வாரமும் ஒரு மாதத்தின் பிற்பாதியையும் அடுத்த மாதத்தின் முதல் நாட்களையும் தொட வேண்டும். இரவில் மட்டும் வீழ்ந்தால் நெரிசல். ஒரு நாளில் சட்டென்று வீழ்ந்து, புதிய மாதக் கணக்கு தொடங்கியதும் எழுந்தால் அது வரம்பு. கேபிளில் நன்றாக ஓடி வைஃபையில் மட்டும் இழுத்தால் சுவர்.

இடையில் ஒரு விஷயம். விளம்பரத்தில் வரும் மெகாபிட் வேறு, நீங்கள் கோப்பு இறக்கும்போது காணும் மெகாபைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 மெகாபிட் என்றால் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான். உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் இரண்டையும் கலந்துவிட்டீர்கள். முறைப்பாட்டிலும் அப்படிக் கலந்தால், விஷயம் தெரியாமல் பேசுகிறீர்கள் என்று எளிதாக ஒதுக்கிவிடுவார்கள்.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் எண்களைக் காட்டி விற்கும் போட்டி அளவு கடந்துவிட்டது. நல்ல தரத்தில் படம் ஓட விநாடிக்கு 5 மெகாபிட் போதும். நான்கு அறைக்கும் வீட்டுக்கும் சேர்த்து, இரவு ஒன்பது மணிக்கும் தளராத ஒரு 30 உங்களுக்குத் தாராளம். ஆனால் தளராத முப்பதை எவரும் சுவரொட்டியில் போடுவதில்லை. “100 வரை” என்று போடுகிறார்கள், ஏனெனில் அதில் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

கையெழுத்து வைத்தாயிற்று, இனி?

நம் நாட்டு ஒப்பந்தங்களுக்கு அடித்தளமாக இருக்கும் உரோம-டச்சுச் சட்டம், கையெழுத்திட்டவர் வாசித்தே கையெழுத்திட்டார் என்று எடுத்துக்கொள்ளும். எழுதிய ஒப்பந்தத்துக்கு மாறாக வாய்ப்பேச்சை நிறுவ விடாமல் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 92 ஆம் பிரிவும் தடுக்கிறது. கணவர் சரியாக இருக்கும் பாதி இதுதான்.

மற்றப் பாதி, அதே பிரிவின் விதிவிலக்கில் இருக்கிறது. மோசடி போன்று ஒப்பந்தத்தின் செல்லுபடியையே தாக்கும் விடயங்களை நிறுவத் தடையில்லை. பொய்யான கூற்றை நம்பி ஒருவர் ஒப்பந்தத்துக்குள் வந்தால், அதைக் கைவிடும் உரிமையும் அவருக்கு உண்டு. ஆனால் உண்மை தெரிந்த பிறகும் வாய்மூடிப் பாவித்துக்கொண்டிருந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதிவிடுவார்கள். பாவனை வரம்பு இருப்பது யூன் மாதமே தெரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவரை எழுத்தில் ஒரு வரிகூட நீங்கள் ஆட்சேபிக்கவில்லை. அழைப்பு நிலையத்தில் சண்டை போட்டது கணக்கில் வராது.

ஒப்பந்தச் சட்டத்தைவிட உங்களுக்கு நெருக்கமானது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதன் 30 ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும், அல்லது வழிநடத்தக்கூடிய எந்த நடத்தையிலும் வர்த்தகர் ஈடுபடக் கூடாது என்கிறது. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறதே என்ற பதில் இங்கே முழுமையாக எடுபடாது. வாங்குபவருடைய மனதில் என்ன பதிந்தது என்பதே இங்கே கேள்வி. இன்னொன்று: விடுதிக்குப் பாவித்தால் நான் நுகர்வோர் இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சட்டம், விலை கொடுத்துச் சேவையைப் பாவிப்பவர் எவரையும் நுகர்வோர் என்றே வரையறுக்கிறது. வியாபாரி என்பதற்காக உங்களை விலக்கவில்லை.

பொறுப்பைக் கைகழுவும் அச்சு நியதிகளை எதிர்க்க 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க, நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் பற்றிய சட்டமும் இருக்கிறது. அது நீதிமன்றம் வரை போனால்தான் பயன்படும். இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள்.

முகவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள் இருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். சகோதரி, முதல் வரியில் இருக்க வேண்டியது அது! 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இத்தகைய செய்திகளுக்குச் சட்ட மதிப்புத் தருகிறது. எதையும் அழிக்காதீர்கள். புதிய கைத்தொலைபேசிக்கு மாறினாலும் பழையதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

பில்லைக் கட்டாமல் விடுவது

விடாதீர்கள். ஒப்பந்தம் தானாக முறியாது. முதலில் இணைப்பைத் துண்டிப்பார்கள், பிறகு நிலுவைக்குக் கடிதம் வரும், அதன்பின் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வரும். அதுவரை முறைப்பாட்டாளராக இருந்த நீங்கள் அந்த நாளிலிருந்து கடனாளி. உங்கள் முறைப்பாட்டை எவர் விசாரித்தாலும் முதல் கேள்வி, “நிலுவை இருக்கிறதா?” என்பதாகவே இருக்கும். கட்டுங்கள், ஆனால் கட்டும் ஒவ்வொரு முறையும் “உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்” என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அண்ணன் சொன்ன 14 நாள்

அண்ணன் பொய் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், வீடு தேடி வந்து விற்றதையும் இணையத்தில் வாங்கியதையும் பெரும்பாலும் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே கைவிடலாம். ஜேர்மனியில் அது அன்றாடப் பழக்கம். இலங்கையின் நுகர்வோர் சட்டத்தில் அப்படியொரு பொதுவான உரிமை இல்லை. ஆகவே நீங்கள் எதையும் தவறவிடவில்லை. நிறுவனமே தன் நியதிகளில் அப்படி ஒரு காலத்தைத் தந்திருக்கிறதா என்று படிவத்தில் பாருங்கள். இங்கே இருந்தாக வேண்டிய சட்டம் என்பது என் எண்ணம், அது உங்கள் வழக்குக்கு உதவாது.

நீங்கள் தவறவிடக் கூடாத காலக்கெடு வேறு. நுகர்வோர் அதிகார சபைக்கான முறைப்பாடு, சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். பெப்ரவரியிலிருந்து எண்ணினால் அது கடந்துவிட்டது. மாதாமாதம் தொடரும் சேவை என்பதால் கடைசி மூன்று மாதங்களுக்கு வாதாட இடமிருக்கிறது. அந்த இடம் ஒவ்வொரு மாதமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

உங்கள் பக்கத்து ஓட்டைகள்

இதைச் சொன்னால் கோபிக்கக் கூடாது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எடுத்தது வீட்டுப் பாவனைக்கான பெக்கேஜ். விருந்தினர்களுக்குக் கொடுக்கலாம் என்று முகவர் சொன்னாலும், நியதிகளில் வர்த்தகப் பாவனைக்குத் தடை இருக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் அந்த ஒரு வாக்கியம் வட்ஸ்அப்பில் இருக்கிறதா என்று தேடச் சொல்கிறேன். இருந்தால் ஓட்டை அடைபடும். இல்லாவிட்டால், வருமான இழப்புக்கு நட்டஈடு கேட்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். இருந்தாலும்கூட, இரண்டு விருந்தினர்களின் கருத்தால் எத்தனை அறை நிரம்பாமல் போனது என்று நிறுவுவது மிகக் கடினம். அந்த வழக்குக்கு ஆகும் செலவில் நீங்கள் கூரை மாற்றிவிடலாம்.

அடுத்தது, உங்கள் சொந்த விளம்பரம். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் “அதிவேக இலவச வைஃபை” என்று போட்டிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன 30 ஆம் பிரிவு வர்த்தகர் எல்லோருக்கும் பொருந்தும், நான்கு அறை விடுதிக்கும்தான். “வைஃபை உண்டு, மாலையில் வேகம் குறையலாம்” என்று இன்றே மாற்றிவிடுங்கள். குறைசொன்ன விருந்தினர்களுக்கும் தளத்திலேயே இரண்டு வரி மன்னிப்பு எழுதுங்கள். அடுத்து வருகிறவர்கள் அந்தப் பதிலையும் வாசிப்பார்கள்.

முகநூல் பதிவு. அந்தப் பையனின் படத்தை உடனே எடுத்துவிடுங்கள். குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டாலும் சிவில் வழக்குக்கு இடமிருக்கிறது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு, தனிமனிதர்களைப் பற்றி இணையத்தில் எழுதுவதில் கூடுதல் கவனம் தேவை. தரகுக் காசுக்காக வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய ஒருவர் அவர். அவருக்கு அந்த வசனங்களைச் சொல்லிக் கொடுத்தவர்கள் குளிரூட்டிய அறையில் இருக்கிறார்கள். முறைப்பாட்டை அவர்கள் மேல் வையுங்கள். அவரோடு பகைத்துக்கொள்ளாமல் இருந்தால், நாளை அவரே உங்களுக்குச் சாட்சியாகவும் வரலாம்.

எங்கே, எந்த வரிசையில் போவது

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, முறைப்பாட்டு இலக்கம் கேட்டு வாங்குங்கள். கோரிக்கை சுருக்கமாக இருக்கட்டும்: “பாவனை வரம்பு எதுவும் இல்லை என்ற கூற்றை நம்பியே இணைந்தேன். அப்படியொரு வரம்பு இருப்பது பின்னரே தெரியவந்தது. முறிவுக் கட்டணம் இன்றி ஒப்பந்தத்தை முடித்துத் தருமாறு கோருகிறேன். 14 நாட்களுக்குள் பதில் தேவை.” வேகத்தைச் சரிசெய்யுங்கள் என்று கேட்காதீர்கள். கேட்டால் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வருவார், ரவுட்டரைச் சன்னலோரம் நகர்த்துவார், முறைப்பாடு தீர்ந்தது என்று பதிவாகிவிடும்.

பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும் அதன் 1996 ஆம் ஆண்டுத் திருத்தமும் அதற்கு அதிகாரம் தருகின்றன. தொலைபேசி இலக்கம் 1900. இதற்காகக் கொழும்புக்கு இரவு பஸ் ஏற வேண்டியதில்லை, தபாலில் அனுப்பலாம். ஆங்கிலத்தில் எழுத ஆளில்லை என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அது அரச நிறுவனம். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உங்களுக்கு உரிமை தருகிறது. தமிழிலேயே எழுதுங்கள்.

அதே நேரத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் ஒரு தனி முறைப்பாடு. அதன் மாவட்டப் பிரிவு நம் மாவட்டச் செயலகமான கச்சேரியிலேயே இருக்கிறது. இலக்கம் 1977. ஆணைக்குழுவிடம் சேவையின் தரத்தையும், அதிகார சபையிடம் விற்பனையில் நடந்த தவறான வழிநடத்தலையும் முன்வையுங்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால், இது மற்றவருடைய வேலை என்று இருவரும் தள்ளிவிட வாய்ப்புண்டு.

இவை எதுவும் பலிக்காமல் நிலுவைத் தகராறாக மாறினால், இரு தரப்பையும் பேசவைத்து இணக்கம் காணும் மத்தியஸ்த சபை இருக்கிறது. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட தகராறுகள் அதன் வழியாகத்தான் நீதிமன்றம் போக முடியும். செலவு அநேகமாக இல்லை. சட்டத்தரணியும் தேவையில்லை என்று சொல்வதில் எனக்கொன்றும் நட்டமில்லை. என் அனுபவத்தில், கையில் எழுத்தாதாரத்தோடு ஆணைக்குழுவின் கடிதமும் போய்ச் சேர்ந்தால், பல நிறுவனங்கள் முறிவுக் கட்டணத்தை விட்டுக்கொடுத்துவிடும். இதுவரை கட்டிய கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடனில்லாமல் வெளியேறுவதே நல்ல முடிவு.

அடுத்த இணைப்பு

உங்கள் ஒழுங்கை வரை ஃபைபர் வந்திருக்கிறதா என்று விற்பனை நிலையத்தில் கேட்காமல், பாவிக்கும் அயல் வீட்டில் கேளுங்கள், அதுவும் இரவு எப்படி என்று. ஃபைபரிலும் பகிர்வு உண்டு. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும், பரவலான ஜிபொன் (GPON) முறையில் விநாடிக்கு 2.4 கிகாபிட்டைப் பல வீடுகள் பங்கிடுகின்றன. என்றாலும் அது கோபுரத்தைவிடப் பல மடங்கு, பருவகாலக் கூட்டத்தின் கைத்தொலைபேசிகளும் அதற்குள் வந்து ஏறுவதில்லை. 2025 யூலையில் இலங்கைக்கு வந்த செயற்கைக்கோள் இணையமான ஸ்டார்லிங்க் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஃபைபர் எட்டாத குச்சவெளிப் பக்கத்து விடுதிக்கு அது அர்த்தமுள்ளது. உப்புவெளியில், தொடக்கச் செலவையும் மாதக் கட்டணத்தையும் பார்த்தால், கடைசித் தெரிவாகவே வைப்பேன்.

எதை எடுத்தாலும் கையெழுத்துக்கு முன் முகவரிடம் மூன்று கேள்விகளை வட்ஸ்அப்பில் கேட்டு, அங்கேயே பதில் வாங்குங்கள்: எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், எவ்வளவுக்குக் குறையும், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும். விடுதி நடத்துகிறேன் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பின்புற அறைகளுக்கு ஒரு கேபிள் இழுத்து இரண்டாவது வைஃபை பெட்டி வைப்பதை எலக்ட்ரீஷியன் அரை நாளில் முடித்துவிடுவார். அதைச் செய்யாவிட்டால் ஃபைபர் வந்தாலும் அந்த அறைக்காரர்களின் குறை தீராது.

அளவீடுகள் முடியட்டும் என்று நிறுவனத்துக்கான கடிதத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். ஓகஸ்ட் பில் வருவதற்கு முன் அது அவர்கள் கையில் இருக்க வேண்டும். அளவீடுகளை இரண்டாவது கடிதத்தில் இணைக்கலாம்.